பாதிக் கட்டில்

என் அன்புள்ள கணக்குப்பிள்ளைக்கு,

இங்கு நான் நலம் என்று தொடங்குவதுதான் முறை. அதைக் கடிதத்தைப் படித்து முடித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நீங்கள் நலமா? வாயாடிக்குப் பல் விழுந்த இடத்தில் புதுப்பல் எட்டிப் பார்க்கிறதா? போனில் காட்டச் சொன்னால் திரை முழுக்க நாக்கைத்தான் நீட்டுகிறாள் உங்கள் மகள்.

வாராவாரம் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் எதை ஆரம்பித்தாலும் "சரி விடு, பாத்துக்கலாம்" என்பீர்கள். அதோடு என் பேச்சு நின்றுவிடும். பக்கத்தில் பிள்ளை வேறு. காகிதம் குறுக்கே பேசாது, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் புதுக் கணக்கு. போன வாரம் படம் பிடித்து அனுப்பினீர்களே, அதை எட்டுத் தடவை பார்த்தேன். நீங்கள் இருவரும் இங்கே வந்தால் மாதம் இவ்வளவு கரையும். வராமல் நான் மட்டும் இன்னும் மூன்று வருடம் இருந்தால் வீட்டுக் கடன் மொத்தமும் அடைந்துவிடும் என்று கூட்டி, அடியில் இரட்டைக் கோடும் இழுத்திருந்தீர்கள். "மூணு வருஷம்தானே, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிடும்" என்றும் சொன்னீர்கள். மருந்துக் கடைக் கல்லாவில் பதினாறு வருடம் உட்கார்ந்தவரின் கூட்டலில் தப்பு இருக்குமா? இல்லை. ஆனால் அதற்கு முந்தைய கணக்கில் ஒரு தப்பு இருந்தது. அதை நாம் இரண்டு பேரும் சேர்ந்தே செய்தோம்.

நான் கிளம்புவதற்கு முந்தின வாரம், கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் என் செலவுக்குப் பட்டியல் போட்டோம். "நாம ரெண்டரைப் பேரு. நீ ஒரு ஆளு. எல்லாத்துலயும் பாதின்னு வச்சுக்குவோம், தாராளம்" என்றீர்கள். எண்ணெய் பாதி, சோப்பு பாதி, பால் பாதி, வாடகைகூடப் பாதி. பேஸ்ட் பாதிகூட வேண்டாம், கால் போதும் என்று நான் உங்களைவிடக் கெட்டிக்காரத்தனம் காட்டினேன். பிறகு எல்லாவற்றையும் இந்த ஊர் விலையால் பெருக்கினோம். மிச்சம் நிறையவே வந்தது. உங்கள் முகத்தில் அன்று இருந்த சந்தோஷம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

இங்கே எதுவும் பாதியாக விற்பதில்லை. கால் லிட்டர் பாலின் விலை ஒரு லிட்டரின் விலையைக் கிட்டத்தட்டத் தொடுகிறது. அறையைச் சூடாக்கும் மின்சாரத்துக்கு உள்ளே ஒருத்தி இருக்கிறாளா, நாலு பேர் இருக்கிறார்களா என்ற கவலையே இல்லை. துவைக்கும் கடையில் என் இரண்டு சீருடைக்கும் இயந்திரம் முழுக் காசு கேட்கிறது. கோட்டும் கனமான ஷூவும் என் ஆறு நாள் சம்பளம். வாடகைக்கு முன்பணம் என்று ஒன்று இருப்பதை நாம் எழுதவே இல்லை. என் கையாவது சொன்ன பேச்சைக் கேட்கிறதா என்றால் அதுவும் இல்லை. இரண்டரைப் பேருக்குத்தான் அதற்கு அரிசி அள்ளத் தெரியும். முதல் மாதம் முழுக்க முந்தின நாள் சோற்றைச் சூடு பண்ணித் தின்றேன்.

ஆஸ்பத்திரி வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அறுவை அறையிலிருந்து வரும் கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி, தட்டில் எண்ணி அடுக்கி, நீராவிப் பெட்டிக்குள் தள்ள வேண்டும். எல்லோரும் முகமூடி போட்டிருப்பதால் யார் சிரிக்கிறார்கள், யார் முறைக்கிறார்கள் என்று தெரியாது. சில நாள் காலையிலிருந்து மாலைவரை என் வாயிலிருந்து வருவது "முப்பத்தெட்டும் சரியா இருக்கு" என்பது மட்டும்தான். கொஞ்சம் நிறுத்து தாயே என்று நீங்கள் கையெடுத்துக் கும்பிட்ட வாய் இது.

இனி, மறைத்ததைச் சொல்கிறேன். குடும்பத்தை அழைத்துக்கொள்ள வேண்டுமென்றால் வங்கியில் ஒரு தொகை மூன்று மாதம் அசையாமல் கிடக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். தனி அறையில் இருந்துகொண்டு அதைச் சேர்க்க முடியவில்லை. அதனால் ஐந்து மாதத்துக்கு முன்பே அந்த அறையைக் காலி செய்துவிட்டேன். இப்போது இருப்பது ஒரு அறை, ஒரு கட்டில். ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை செய்யும் ஒருத்தியும் நானும் வாடகையைப் பங்கு போட்டிருக்கிறோம். காலை ஏழிலிருந்து மாலை ஆறுவரை கட்டில் அவளுடையது, பிறகு என்னுடையது. நான் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் பகல்தூக்கம். இதுவரை நாலு தடவைதான் பார்த்திருப்பேன், அதுவும் மாடிப்படியில். வேலை முடிந்து நான் போய் விழும்போது மெத்தையில் அவள் உடம்புச் சூடு மிச்சமிருக்கும். முதலில் அருவருப்பாக இருந்தது. இப்போது, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அந்தச் சூடு இல்லாத நாளில் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

வாயாடி அறையைக் காட்டச் சொன்னபோதெல்லாம் ஜன்னலையே காட்டியது இதனால்தான். ஞாயிறு எனக்கு விடுமுறை, ஆனால் பகலில் கட்டில் பகல்தூக்கத்தினுடையது. பேருந்து நிலையத்தில் போய் உட்காருவேன். அங்கே கதகதப்பாக இருக்கும், காசு கேட்க மாட்டார்கள். அங்கிருந்துதான் உங்களோடு பேசுவது. பின்னால் பஸ் சத்தம் கேட்டு, "எப்பப் பாரு ஊர் சுத்துற, நல்லா ஒட்டிக்கிட்ட போல" என்று சிரித்தீர்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். மூன்று வருடம் என்று நீங்கள் எழுதியதற்கு அந்தச் சிரிப்பும் காரணமாக இருக்குமோ என்று இப்போது என்மேல்தான் கோபம் வருகிறது.

மூன்று வாரத்துக்கு முன் எனக்குக் காய்ச்சல். காய்ச்சலோடு கருவிகளைத் தொடக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அறையில் பகல்தூக்கம் படுத்திருப்பாள். பாவம், இரவெல்லாம் அடுப்புக்கு முன்னால் நின்றுவிட்டு வந்தவளை எழுப்ப மனம் வரவில்லை. பேருந்து நிலையத்தில் சுவரோரமாக உட்கார்ந்தேன். டிக்கெட் கொடுப்பவர் வந்து எந்த பஸ் என்று கேட்டார். வாய்க்கு வந்த எண்ணைச் சொன்னேன். அந்த பஸ் போன பிறகும் நான் அங்கேயே இருப்பதைப் பார்த்து மறுபடி வந்து, எங்கே போக வேண்டும் என்று கேட்டார். நாற்பதை நெருங்கும் பொம்பளை, பையிலிருந்த முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டு அழுதேன். அவர் போய் ஒரு கோப்பையில் சுடுதண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

காய்ச்சல் விட்ட மறுநாள் ஒரு காரியம் செய்தேன். கல்யாணமான பதினோரு வருடத்தில் உங்களைக் கேட்காமல் நான் வாங்கியது ஒரு குக்கர்தான். அதற்கே நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டீர்கள். இது குக்கரைவிடப் பெரியது. ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் இரண்டு அறையும் சமையல்கட்டும் உள்ள ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். ஓவர்டைம் காசு. வங்கியில் சேர்ந்து கிடக்கும் அந்தத் தொகையைத் தொடவில்லை. நாம் அங்கே குடிபோகாவிட்டால் முன்பணத்தைத் திருப்பித் தர மாட்டார்களாம். பள்ளிக்கூடம் நடக்கும் தூரத்தில் இருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

நீங்கள் வந்தால் முதல் ஒரு வருடமாவது கிடங்கில் பெட்டி தூக்க வேண்டிவரும், கல்லா கிடைக்காது. கடன் அடைய மூன்று இல்லை, ஏழு வருடம் ஆகும். நானும் கூட்டிப் பார்த்துவிட்டேன். தெரிந்துதான் கேட்கிறேன். என்னால் இனி தனியாக முடியாது.

விண்ணப்பத்தை இதோடு வைத்திருக்கிறேன். மூன்றாம் பக்கத்தில் பென்சிலால் புள்ளி வைத்த இடத்தில் கையெழுத்துப் போடுங்கள். அடுத்த மாதம் இருபத்தெட்டாம் தேதிக்குள் விண்ணப்பம் இங்கே வந்து சேர வேண்டும். தவறினால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்கச் சொல்வார்கள்.

கோபம் வரும், தெரியும். ஆனால் போனில் திட்டாதீர்கள். வந்து, எதிரில் நின்று, வாய் வலிக்கத் திட்டுங்கள். எத்தனை நாள் வேண்டுமானாலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வாயாடியின் இரண்டு கன்னத்துக்கும் என் முத்தங்கள்.

உங்கள் வருகைக்குக் காத்திருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி