பதில் வந்த பிறகே கதவு

அன்பு மகள் கலோண்டுவுக்கு, அம்மாவின் ஆசியும் முத்தமும். தோஹாவில் நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். நாங்களும் நலம் என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லை. உன் தம்பி கிலோன்சோவை அடக்கம் செய்துவிட்டு எம்பகாசி வீட்டுக்குத் திரும்பினால் அவன் செருப்பு வாசலிலேயே கிடக்கிறது. நீ வரத் துடித்ததும் எந்த விமானத்திலும் இடம் கிடைக்காததும் எனக்குத் தெரியும், அதற்காக உன்னை நொந்துகொள்ளாதே. நோய்க்காலத்தில் காக்கை எச்சமிட வரிசையாக நின்ற விமானங்கள்தான், இப்போது நிரம்பி வழிகின்றன, என் பெண்ணுக்கு மட்டும் ஒரு இருக்கை இல்லை.

போனில் அழுகையில் சொல்ல முடியாததை எழுதுகிறேன். விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கியதும் பழைய ஆட்களில் பாதிப் பேரைக்கூடக் கூப்பிடவில்லை, மிச்சத்துக்குத் தினக்கூலிக்கு ஆள் பிடித்தார்கள். பெட்டி ஏற்றுகிறவர்களின் வழக்கம் உனக்குத் தெரியும், சரக்கறைக் கதவைச் சாத்துமுன் உள்ளே போன ஒவ்வொருவனையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், அவன் வெளியே நின்று "இருக்கேன்" என்ற பிறகுதான் கதவு. அன்று கிலோன்சோ இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்த களைப்பில் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்தவன் அப்படியே தூங்கிவிட்டான். கூட வேலை பார்த்த புது ஆளுக்கு இவன் பெயரே தெரியாது. தெரியாத பெயரை எப்படிக் கூப்பிடுவான்? நேரமாகிறது என்று மேஸ்திரி விரட்ட, கதவைச் சாத்திவிட்டான். விமானம் இறங்கிய ஊரில் திறந்தபோது என் பிள்ளை குளிரில் விறைத்துக் கிடந்தான். அந்தப் புது ஆள் வீட்டுக்கு வந்து, "உள்ள யாரும் இல்லன்னுதாம்மா நெனச்சேன்" என்று என் காலைப் பிடித்து அழுதான். அவன்மேல் கோபம் வரவில்லை, ஒரு தட்டு முத்தோகோய் வைத்துச் சாப்பிடச் சொன்னேன். விரட்டியவர்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை, மலர்வளையம் மட்டும் வந்தது.

இங்கே உன்னைப் பழைய விமானப் பணிப்பெண் வேலைக்குத் திரும்பக் கூப்பிடுகிறார்கள், வந்து அம்மாவோடு இருக்கிறேன் என்கிறாய். நீ பக்கத்தில் இருக்க வேண்டுமென்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. ஆனாலும் அந்த வேலைக்கு வராதே கண்ணு, ஒரு பிள்ளையைக் கொடுத்தது போதும்.

நம் சொந்த ஊர் மச்சாக்கோஸில் அவனைக் குழியில் இறக்கியதும் பழைய கூட்டாளிகள் மண்வெட்டியைத் தொடவில்லை. மூத்தவர் முசெம்பி குனிந்து "கிலோன்சோ" என்று கூப்பிட்டார். எல்லோரும் அப்படியே நின்றார்கள். கடைசியில் நான்தான் "இருக்கேன்" என்றேன். அதற்குப் பிறகுதான் மூடினார்கள்.

கர்த்தர் உன்னைக் கைவிடமாட்டார். வேளைக்குச் சாப்பிடு. ஞாயிறு தவறாமல் போன் பண்ணு, நான் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன், நீ பதில் சொன்ன பிறகுதான் மற்றப் பேச்சு.

இப்படிக்கு,
உன் அம்மா வான்சா