நாத்தனா நெற்றியில் அக்கி

ஐப்பசி 9, சனிக்கிழமை

பெரிய பேரன் பெங்களூரில் இன்ஜினியர். சின்னவனுக்குக் கம்பத்தில் பேங்க் வேலை. பேத்தி மதுரையில் டாக்டருக்குப் படிக்கிறாள். என் நாத்தனா செல்லம்மா வீட்டில் ஒருத்தரும் பத்தாவது தாண்டவில்லை. வாய் மட்டும் நீளம்.

இன்று சின்னமனூரிலிருந்து வந்தாள். கண்ணுக்கு மேலே நெற்றியில் அக்கி. குயவரிடம் கொப்புளத்தின் மேல் காவியால் எழுதிக்கொண்டாளாம், அதுவே போதுமாம்.

பேத்திக்குப் போன் போட்டேன். "இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க அப்பத்தா, கண்ணுல எறங்கிரும். அக்கி வைரஸ் நரம்புக்குள்ள ஒளிஞ்சு கெடக்கும். மறதி வியாதிக்கும் அது ஒரு காரணமா இருக்கலாம்னு ஆராய்ச்சி பண்றாக. இன்னும் உறுதியாகல" என்றாள்.

செல்லம்மா இளித்தாள். "அண்ணனுக்கு இடுப்புல வந்தப்பவும் எழுதித்தானே ஆறுச்சு மதினி? சின்னப்பிள்ளை பேச்சக் கேட்டு நான் மாத்திரை முழுங்கவா?"

குயவர் அவள் வாயில் எழுதியிருக்கணும்.

பேச்சுச் சத்தம் கேட்டு இவர் உள்ளேயிருந்து வந்தார். அவளைப் பார்த்துக் கைகூப்பி, "வாங்கம்மா, யாரத் தேடி வந்தீக?" என்றார். கூடப்பிறந்தவளை.

அவள் எழுந்து செருப்பை மாட்டினாள். பிறகு, "ஆட்டோ கூப்பிடுங்க மதினி" என்றாள்.

ஆஸ்பத்திரியில் காட்டி மாத்திரை வாங்கியாச்சு. கண்ணுக்கு ஒன்றுமில்லையாம்.

பேத்தியிடம் வெள்ளைக் கோட்டோடு புதுப் போட்டோ ஒன்று தபாலில் அனுப்பச் சொல்லணும். பெரிதாக, முகம் தெரிகிற மாதிரி. இவர் கட்டிலுக்கு எதிரே மாட்டணும்.