ஒரு மணி ஐம்பது நிமிடம்

முத்தையாபுரம், தூத்துக்குடி
2-2-2025, ஞாயிறு

மாரி,

நீ விமானத்தைத் தவறவிடவில்லை. ஏறாமல் விட்டாய்.

இதைப் போனிலேயே சொல்லலாம். போனில் நீ அழுவாய், நான் விட்டுவிடுவேன். அதனால்தான் உன் அழைப்புகளை எடுக்காமல் மெயிலில் எழுதுகிறேன். எழுத்தில் நீ அழுதால் எனக்குக் கேட்காது.

வியாழன் மதியத்திலிருந்து சனி காலை வரை அப்பாவை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். உனக்காகத்தான். வெள்ளி மாலை ஏழரை மணிக்கு நீ ராஜதுரை சித்தப்பாவுக்கு வாட்ஸ்அப் அனுப்பினாய்: "கனெக்‌ஷன் டைம் பத்தல. ஃப்ளைட் போயிட்டு." அவ்வளவுதான். டிக்கெட் போட்டது யார்? நான். அப்போது தப்பு யார் மேல்?

அதுவரைக்கும் அம்மா, "மாரி வராட்டி செல்வியே கொள்ளி வைக்கட்டும், அவளும் அவருக்குப் பிறந்தவதான" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சித்தப்பாவுக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் மறுத்துப் பேச வழியில்லாமல் இருந்தார். உன் மெசேஜ் வந்ததும் வழி கிடைத்தது. பந்தலில் அத்தனை பேர் நடுவில் சொன்னார்: "டிக்கெட்டே ஒழுங்கா போடத் தெரியல, கொள்ளி வைக்க வாராளாம்." சிலர் சிரித்தார்கள். சாவு வீட்டில் சிரித்தார்கள், மாரி. அம்மா வாயைத் திறக்கவில்லை. சுந்தரராஜ் வைத்தான். அப்பாவை வருஷத்துக்கு ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காத சித்தப்பா மகன்.

பதினாறாம் நாளும் போய்விட்டது. இன்றும் சாப்பாடு வைக்கும்போது அம்மா கேட்டாள், "ஏளா, இன்னும் ஒரு மணி நேரம் கூட்டிவச்சுப் போட்டிருக்கக் கூடாதா?"

நீ அம்மாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டும்.

செல்வி


ஓவ்லு, பின்லாந்து
5-2-2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நலம் என்று எழுதப் பழகிவிட்டது. நீயும் அம்மாவும் சாப்பிடுகிறீர்களா? அம்மாவின் பிரஷர் மாத்திரை தீர்ந்திருக்கும், பார்த்து வாங்கிக் கொடு. இங்கே இன்று பத்தொன்பது டிகிரி, பூஜ்யத்துக்குக் கீழே. நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஆபீஸில் வேலை அதிகம்.

நீ இப்படி எழுதியது வருத்தமாக இருக்கிறது. ஓவ்லுவில் இறக்கையில் பனி உறைந்து, அதை மருந்தடித்துக் கரைத்து, கிளம்பவே தாமதமாகிவிட்டது. ஹெல்சிங்கி டெர்மினல் ரொம்பப் பெரியது. உள்நாட்டு ஃப்ளைட் நிற்பது ஒரு பக்கம், தோஹா ஃப்ளைட் இன்னொரு பக்கம். நடுவில் பாஸ்போர்ட் வரிசை வேறு. ஓடினேன் அக்கா. கண்ணெதிரே கதவை மூடினார்கள்.

யார் மேலும் தப்பில்லை. விதி என்று விட்டுவிடு. சித்தப்பா வாய் நமக்குத் தெரிந்ததுதானே.

போனை எடு. பதினேழு தடவை கூப்பிட்டிருக்கிறேன். அப்பாவின் கைக்கடிகாரத்தை யாருக்கும் கொடுத்துவிடாதே.

உன் தம்பி,
மாரிராஜ்


முத்தையாபுரம்
6-2-2025

மாரி,

பொய் சொல்வதற்கு நீ தவறான ஆளைப் பிடித்தாய்.

ஆறு வருஷமாக இந்த ஷிப்பிங் ஏஜென்சியில் உட்கார்ந்து கப்பல்காரர்களுக்கு டிக்கெட் போடுகிறேன். கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறதோ அங்கே ஆளைக் கொண்டு சேர்க்க வேண்டும், இறங்கியவனை வீடு சேர்க்க வேண்டும். போன வருஷம் வேம்பார் ஜேசுபாதம் அண்ணாச்சியை இதே ஹெல்சிங்கி வழியாக அனுப்பினேன். கப்பல் சமையல்காரர், ஐம்பத்தெட்டு வயது, இரண்டு முட்டியும் போய்விட்டது. அவருக்கு நான் கொடுத்தது ஒரு மணி பத்து நிமிடம். நடுவில் காபி குடித்து, "ஏளா செல்வி, இங்கன காபி கஷாயம் மாதிரி இருக்கு" என்று போட்டோவும் அனுப்பிவிட்டு ஏறினார். உனக்கு இருபத்தாறு வயது. உனக்குக் கொடுத்தது ஒரு மணி ஐம்பது நிமிடம்.

உன் ஓவ்லு ஃப்ளைட் தாமதமாகவில்லை. ஒன்று முப்பதுக்கு இறங்க வேண்டியது ஒன்று இருபத்திரண்டுக்கு இறங்கியது. எட்டு நிமிடம் முன்னால். தோஹா ஃப்ளைட் கதவு மூடியது மூன்று ஐந்துக்கு. அந்த ஃப்ளைட்டில் உன் பெயருக்கு நேரே "செக்-இன் ஆகிவிட்டார், ஏறவில்லை" என்று இருக்கிறது. என் மேசையிலிருந்தே இதையெல்லாம் பார்க்கலாம். ஆனாலும் இரண்டு வாரம் பார்க்கவில்லை. ஏன் தெரியுமா? நானும் உன்னை நம்பினேன். நான்தான் அப்பாவின் சாவுக்கு மகனை வரவிடாமல் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்புறம் யாருக்கும் டிக்கெட் போடக் கை வரவில்லை. ஒரு மணி நேரம் போதும் என்ற இடத்தில் ஐந்து மணி நேரம் வைத்தேன். ஒரு கேப்டன் மானேஜரைக் கூப்பிட்டு, "அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டிருக்கிறார்.

ஏன் ஏறவில்லை? விதி, பனி, வரிசை எல்லாம் வேண்டாம். கேட்டதற்குப் பதில் சொல்லு.

செல்வி


ஓவ்லு
14-2-2025

அக்கா,

ஆமாம். ஏறவில்லை.

கம்பெனி என்னைப் போன மே மாதமே நிறுத்திவிட்டது. உங்களிடம் சொல்லவில்லை. சைக்கிளில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டு கொடுக்கிறேன். இங்கே தங்குவதற்கான பெர்மிட் நவம்பரில் முடிந்துவிட்டது. புதுப்பிக்கக் கொடுத்த விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் இல்லை. பதில் வரும்வரை நான் இங்கே இருக்கலாம். எல்லையைத் தாண்டினால் திரும்ப உள்ளே விடுவார்கள் என்று எந்த உறுதியும் இல்லை.

இதெல்லாம் தெரிந்துதான் கிளம்பினேன். அப்பா முகத்தைப் பார்த்தால் போதும் என்றுதான் இருந்தது. நீ எழுதி அனுப்பியிருந்த வழியிலேயே நடந்தேன், எங்கும் தடுமாறவில்லை. பாஸ்போர்ட் கவுண்டருக்குப் பன்னிரண்டு நிமிடத்தில் வந்துவிட்டேன். எனக்கு முன்னால் பதினொரு பேர். மூன்று பேர் மிச்சம் இருக்கும்போது டிக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். போவதற்கு மட்டும்தான் போட்டிருந்தாய். வருவதற்கு இல்லை.

உனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, "போதும், வந்துவிடு" என்று சொல்லாமல் சொல்கிறாய் என்று நினைத்தேன். நான் கிளம்பிய அன்று வாகைக்குளம் ஏர்போர்ட்டுக்கு அப்பா வேன் பிடித்து முப்பது பேரைக் கூட்டிவந்தார், ஞாபகம் இருக்கிறதா? அந்த முப்பது பேரும் இப்போது பந்தலில் இருப்பார்கள். ஒரு தோள்பையோடு போய் அவர்கள் முன்னால் நிற்க வேண்டும், திரும்ப வழியில்லாமல் அங்கேயே நின்றுவிடவும் வேண்டும். வரிசையிலிருந்து விலகினேன். எனக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண். அவளுக்காக இடம் விட்டேன் என்று நினைத்து எனக்கு நன்றி சொல்லிவிட்டு முன்னால் போனாள்.

அந்த ஏர்போர்ட்டில் அறிவிப்புச் சத்தமே இருக்காது, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். மூன்று மணிக்கு ஒரு தடவை மட்டும் ஸ்பீக்கர் பேசியது. என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்தானே குடும்பப் பெயர். "மிஸ்டர் பேச்சிமுத்து, மிஸ்டர் பேச்சிமுத்து" என்று ஒரு பெண் குரல் கூப்பிட்டது. அப்பாவையே கூப்பிடுவதுபோல் இருந்தது. அவரும் போகவில்லை, நானும் போகவில்லை.

மறுநாள்வரை அங்கேயே இருந்தேன். பயணிகள் வெளியே வரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது சுந்தரராஜ் வீடியோ கால் போட்டான். அதில்தான் அப்பாவைப் பார்த்தேன். என் பக்கத்தில் ஒருவர் பூங்கொத்து வைத்துக்கொண்டு யாருக்கோ காத்திருந்தார். நான் போனைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்துக்கொண்டேன், அவர் பார்க்கக்கூடாது என்று.

சித்தப்பா கேட்டதும் கனெக்‌ஷன் என்று அடித்து அனுப்பிவிட்டேன். பழி உன் மேல் விழும் என்று அப்போது தோன்றவில்லை. அப்புறம் தோன்றியது. அப்புறமும் சொல்லவில்லை.

அம்மாவிடம் சொல்லாதே. அப்பா போய் ஒரு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. இதையும் தாங்கமாட்டாள். நீ தாங்குவாய் அக்கா. உனக்கு எப்போதும் தெம்பு அதிகம்.

மாரி


முத்தையாபுரம்
16-2-2025, ஞாயிறு

ஏலே மாரி,

உன் மெயிலை ஆபீஸ் கழிப்பறையில் நின்று மூன்று தடவை படித்தேன். மேசையில் வைத்துப் படிக்க முடியவில்லை.

முதலில் என் தப்பு. ஒருவழி டிக்கெட் போட்டது நான்தான். அதில் எந்தச் செய்தியும் இல்லை. கப்பலேறப் போகிறவனுக்குத் திரும்பும் நாள் யாருக்கும் தெரியாது. அதனால் எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் ஒருவழிதான். ஆறு வருஷக் கைப்பழக்கம். அப்பா செத்து இரண்டு மணி நேரத்தில், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து லேப்டாப்பில் போட்டேன். சொந்தத் தம்பியையும் கப்பலுக்கு ஆள் அனுப்புவதுபோல அனுப்பியிருக்கிறேன். உன் நிலைமை எனக்குத் தெரிந்துவிட்டது என்று நீ நினைத்தாய். எனக்கு ஒன்றும் தெரியாது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், "அக்கா, ரிட்டன் எங்க?" என்று. போன் கையில்தானே இருந்தது?

வேலை போனதை மறைத்ததற்கு எனக்குக் கோபம் இல்லை. அந்த ஊர்க்காரர்களுக்குச் சோறு சுமந்துகொண்டிருக்கிறாய், உன் பெர்மிட் காகிதத்தை மட்டும் அவர்கள் தொடவில்லை. அது அவர்களுக்கு அவமானம், உனக்கு இல்லை. முப்பது பேரும் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். அவர்களில் ஒருவர்கூட இன்று வீட்டுப் பக்கம் வரவில்லை. வரிசையிலிருந்து விலகியதற்குக்கூடக் கோபம் குறைந்துவிட்டது. அந்தப் பூங்கொத்துக்காரர் பக்கத்தில் நீ உட்கார்ந்திருந்ததை நினைத்தால் உன்னைத் திட்ட வரவில்லை.

ஆனால் "நீ தாங்குவாய்" என்று எழுதினாய் பார், அதற்குத்தான் கோபம். சித்தப்பாவும் இதைத்தான் வேறு மாதிரி சொல்கிறார். பொம்பளைப் பிள்ளை மேல் எதை ஏற்றினாலும் நிற்கும் என்று நினைப்பு. ஆண் பிள்ளை மானத்துக்கு முட்டுக் கொடுக்க எப்போதும் ஒரு பொம்பளைப் பிள்ளை பெயர் தேவைப்படுகிறது. அப்பாவுக்கு நான் கொள்ளி வைத்திருப்பேன். அதை எடுத்துக்கொண்டது உன் ஒரு வரி மெசேஜ். அது இனித் திரும்ப வராது.

வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டாம். பெர்மிட்டைப் பற்றிச் சொல்ல வேண்டாம். அதெல்லாம் உன் இஷ்டம், நான் வாய் திறக்கமாட்டேன். எனக்கு வேண்டியது ஒன்று மட்டும். "அம்மா, அக்கா போட்ட டிக்கெட்டுல தப்பு இல்ல, நான்தான் ஏறல." இதை நான் சொன்னால் நம்பமாட்டாள், தப்பித்துக்கொள்ளச் சொல்கிறேன் என்பாள். நீ சொல்ல வேண்டும், உன் குரலில்.

வரும் ஞாயிறு சாயங்காலம் நாலு மணி. உனக்குப் பகல் பன்னிரண்டரை. அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்பீக்கர் போட்டு வைப்பேன். இந்தத் தடவை நான் எடுப்பேன்.

உன் அக்கா,
செல்வி


முத்தையாபுரம்
23-2-2025, ஞாயிறு, மாலை ஐந்தே முக்கால்

மாரி,

மூன்றரைக்கே போனை முழுசாக சார்ஜ் பண்ணி, அம்மா கட்டிலில் நடுவில் வைத்தேன். அம்மா முகம் கழுவி வந்து உட்கார்ந்தாள். நீ பேசப்போகிறாய் என்று மட்டும் சொல்லியிருந்தேன். நாலு மணிக்கு நீ ஆன்லைனில் இருந்தாய். நாலு பத்துக்கும் இருந்தாய். அப்புறம் இல்லை.

ஐந்து மணிக்கு அம்மா சொன்னாள், "பிள்ளைக்கு வேலை இருக்கும். இங்க பாரு, அவன் கூப்பிட்டா டிக்கெட் பேச்ச எடுக்காத, என்ன? உன்னைய ஒண்ணும் சொல்ல முடியாம அவன் மனசு கஷ்டப்படுவான்."

நான் எழுந்துபோய் டீ போட்டுக் கொடுத்தேன்.

நாளைக்கு மூன்று பேரைக் கப்பலுக்கு அனுப்ப வேண்டும். உன் ஹெல்சிங்கி வழியாகத்தான். ஒரு மணி ஐம்பது நிமிடம்தான் வைத்திருக்கிறேன். போதும். எல்லோருக்கும் அது போதும்.

ஆறு மணி ஆகப்போகிறது. அம்மா இன்னும் கட்டிலைவிட்டு எழுந்திருக்கவில்லை. போன் அவள் மடியில் இருக்கிறது.

கூப்பிடு.

செல்வி