எண்பத்து மூன்றாம் எறும்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

யரேலியின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? மினசோட்டாவில் பனி கொட்டினாலும் நான் நலமே.

இங்கே ஒரு சின்னக் கூத்து. எங்கள் ஆய்வகக் கூட்டிலுள்ள எறும்புகளைக் கேமரா படம் பிடிக்கும். கம்ப்யூட்டர் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்துப் பின்தொடரும். எண்பத்து மூன்றாம் எறும்பு ஒரு மாதமாகச் சாப்பிடவே இல்லை என்றது கம்ப்யூட்டர். அதுவோ துறுதுறுவென்று ஓடிக்கொண்டிருந்தது. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். இரண்டு எறும்புகள் முகம் உரசும்போது அவற்றின் எண்கள் மாறிப்போயிருந்தன. ஒன்று தின்றது இன்னொன்றின் கணக்கில் ஏறியிருந்தது. மூன்று மாத முடிவுகளும் தப்பு.

"விட்டுத்தள்ளு. எறும்பு வந்து கேஸ் போடவா போகுது?" என்றான் உடன் படிக்கும் டிராவிஸ்.

"போடாது. அதனாலதான் நான் சும்மா இருக்கக் கூடாது" என்றேன்.

பேராசிரியையிடம் சொல்லிவிட்டேன். எண் மாறிய இடங்களையெல்லாம் நானே பார்த்துத் திருத்தப்போகிறேன். அதனால் கிறிஸ்துமஸுக்கு வர முடியாது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

காய்ந்த மிளகாய் கொஞ்சம் அனுப்புங்கள். நீங்களும் சித்தியும் சோளமாவு பிசைந்து தமாலே செய்யும்போது பேசுவதைப் போனில் பதிவு செய்து அனுப்புங்கள். பெரிய விஷயம் எதுவும் வேண்டாம், சண்டை போட்டாலும் சரி. வீடியோ பார்க்கும்போது காதில் ஓடிக்கொண்டிருக்கட்டும்.

பஸ் வந்துவிட்டது.

முத்தங்களுடன்,
யரேலி