பட்டியலில் இரண்டு முறை உன் பெயர்

இடது கைச் சுண்டுவிரலில் வைத்த மை இன்னும் போகவில்லை, மாப்ளே. பத்து நாளாயிற்று. முகம் கழுவும்போதெல்லாம் மருந்துக்கடை வாடை ஒன்று மூக்கில் ஏறுகிறது. எலுமிச்சைத் தோலால் தேய்த்துப் பார்த்தேன், நகக்கண் எரிந்ததுதான் மிச்சம். மாடிப்படியில் யாராவது ஏறி வரும் சத்தம் கேட்டால் அந்த விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்கிறேன். மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஓட்டுப் போட்டவன் என்பதற்கு அந்த மைதான் சாட்சி, அது இருப்பதுதான் எனக்கு நல்லது. ஆனாலும் மடக்கிக்கொள்கிறேன்.

என் பயம் உனக்குப் புதிதா என்ன? "உனக்குப் பயம் பசி மாதிரிடா, மூணு வேளையும் வருது" என்று சொல்லிச் சொல்லியே என்னை இழுத்துக்கொண்டு போவாய். முன்பு ஒரு தேர்தலில் விடிவதற்குள் புது லுங்கி கட்டிக்கொண்டு வந்து கதவைத் தட்டினாய். அப்போது காகிதச் சீட்டு, முத்திரைக் கட்டை. நீ ஓட்டுப் போட்டதோடு நிற்காமல், ஒரு சின்னக் கட்சிக்காக எண்ணும் இடத்தில் போய் உட்கார்ந்தாய். அந்தக் கட்சி மண்ணைக் கவ்வியது. நீயோ கல்யாண வீட்டிலிருந்து வருகிறவன் மாதிரி வந்தாய். ஓட்டு வீணாகிவிட்டதே என்றேன். "சத்தமா வாசிச்சு எண்ணினாங்கல்ல, அப்புறம் எங்கேருந்து வீணாகும்?" என்றாய்.

இந்தத் தடவை முறையையே மாற்றிவிட்டார்கள். பிரதேச மன்றத்துக்குப் பாதிப் பேரை ஆளைப் பார்த்தும், மீதிப் பேரைக் கட்சியைப் பார்த்தும் தேர்ந்தெடுப்பதாம். எந்தக் கட்சிக்கு எத்தனை பங்கு ஓட்டோ அதற்கு அத்தனை பங்கு இடம். வார்டு ஆபீசில் எங்களை உட்காரவைத்து விளக்கினார்கள். விளக்கியவர் நடுவில் பர்மாக்காரர் வீட்டு லபெட் தட்டு ஒன்றை வைத்திருந்தார். தேயிலை ஊறுகாய்க்கு ஒரு அறை, வறுத்த பயறுக்கு ஒன்று, எள்ளுக்கு ஒன்று என்று தடுத்திருக்குமே, அந்தத் தட்டு. பெரிய அறை, சின்ன அறை, ஆனால் எல்லாருக்கும் ஒரு அறை உண்டு, எந்த ஓட்டும் வீணாகாது என்றார். நீ இருந்திருந்தால் முதல் வரிசையில் உட்கார்ந்து நூறு கேள்வி கேட்டிருப்பாய், உனக்குப் பிடித்திருக்கக்கூடிய கணக்குத்தான் அது. நான் கடைசி வரிசையில் இருந்தேன். அவர் தட்டை மூடிவிட்டு, எந்த ஓட்டும் வீணாகாது என்பதால் வராத ஓட்டு எது என்பதும் தெரிந்துவிடும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

மறு வாரம் வீட்டுக்குச் சீட்டு வந்தது. நான்கு சீட்டு. எனக்கொன்று, என் வீட்டுக்காரி தனத்துக்கொன்று, பையன் குமாருக்கொன்று. நான்காவது உனக்கு. வராதவர்களின் சீட்டைத் திருப்பிக் கொண்டுவந்து ஓட்டுச்சாவடி மேஜையில் காரணம் சொல்ல வேண்டும் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான் கொண்டுவந்தவன். சீட்டுகளை மேஜையில் பரப்பிவைத்துப் பார்த்தேன். குமாரின் சீட்டிலும் உன் சீட்டிலும் ஒரே பெயர். வயது மட்டும் வேறு, இருபத்துமூன்று, ஐம்பத்தெட்டு.

அது உன் வேலைதானே. குமாரைப் பள்ளியில் சேர்க்கப் போன அன்று பர்மியப் பெயர் ஒன்று வேண்டும் என்றார்கள். நம் வீடுகளில் எல்லாருக்கும் இரண்டு பெயர் உண்டு என்பது தெரிந்தும் நான் யோசிக்காமல் போய் நின்றேன். எந்தக் கிழமையில் பிறந்தான் என்று குமாஸ்தா கேட்டார். செவ்வாய் என்றேன். கிழமைக்கு ஏற்ற எழுத்தில் பெயர் தொடங்க வேண்டும், எனக்கோ ஒன்றும் ஓடவில்லை. கூட வந்திருந்த நீ, "நானும் செவ்வாய்க்கிழமைதான். என் பேரையே எழுதுங்க. எனக்குன்னு வேற யாரு இருக்கா?" என்றாய். எங்கள் பின்னறையில் இருபது வருஷம் இருந்த மனுஷன், கல்யாணம் பண்ணிக்கொள்ளாத மனுஷன். வீட்டுப் பட்டியலில் கடைசி வரி நீ. உனக்கு மேல் வரி அவன்.

குமார் இப்போது இங்கே இல்லை. ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் பட்டியல் எங்கள் தெருவுக்கு வந்ததும் தரகன் ஒருவனோடு தாய்லாந்துப் பக்கம் அனுப்பிவிட்டோம். மீன் தொழிற்சாலையில் இறால் உரிக்கிறான். அவன் போய் எட்டு மாதம் ஆயிற்று. அக்கம்பக்கத்தில் யார் கேட்டாலும் வேலைக்குப் போயிருக்கிறான், குளிக்கிறான், தூங்குகிறான் என்று சொல்லிச் சமாளித்து வந்தோம். பையன் ஓடிவிட்டான் என்று தெரிந்தால் அப்பனைக் கூட்டிக்கொண்டு போய் ஸ்டேஷனில் உட்காரவைக்கிறார்கள். கீழ்த்தளத்தில் ஒருவரை அப்படிக் கூட்டிக்கொண்டு போனதை நான் கண்ணால் பார்த்தேன்.

உனக்கு ஒரு காகிதம் இருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால், ஆக்சிஜனுக்காக ஊரே சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு அலைந்த அந்த மழைக்காலத்தில், மயான வாசலில் கணக்கு எழுதுகிறவன் எனக்குக் கொடுத்த துண்டுச்சீட்டு. முந்நூறு பேருக்காவது அன்று எழுதியிருப்பான் போல, கை ஓய்ந்து உன் பெயரை மட்டும் எழுதினான். வயது எழுத வேண்டிய இடத்தில் ஒரு கோடு. அதைக் கொண்டுபோய் வார்டில் கொடுத்து உன் பெயரை அடிக்கச் சொல்லியிருக்க வேண்டும். நான் போகவில்லை. பயம் என்று நினைக்காதே, அது மட்டும் பயம் இல்லை. அந்த வரியில் கோடு விழுவதை நின்று பார்க்க எனக்கு மனசில்லை.

தேர்தலுக்கு முந்தைய ஒரு வாரம் நானும் தனமும் பேசிப் பேசி மாய்ந்துபோனோம். உனக்கு மயானச் சீட்டைக் காட்டிவிடலாம், அதில் சிக்கல் இல்லை. குமாருக்கு என்ன சொல்வது? மாண்டலேயில் வேலை என்றால் விலாசம் கேட்பார்கள். உடம்பு சரியில்லை என்றால் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். கடைசியில் மாண்டலே என்றே முடிவு செய்து, இல்லாத ஒரு கடைக்கு விலாசம் மனப்பாடம் செய்தேன். குளிக்கும்போதும் அதையே முணுமுணுத்தேன்.

பள்ளிக்கூடத்தில்தான் ஓட்டு. வாசலில் துப்பாக்கியோடு இரண்டு பேர். உள்ளே போனால் பட்டியல் மேஜையில் இருந்தது குமாருக்கு நாலாம் வகுப்பு எடுத்த சயாமா. அவன் சுருதி சேராமல் பாடினால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாரே, அந்த டீச்சர். போன வருஷம் கூட மார்க்கெட்டில் அவனைப் பார்த்துக் கன்னத்தைக் கிள்ளினார். அவருக்குப் பின்னால் நாற்காலியில், யாரென்று தெரியாத ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு மாண்டலே விலாசம் சுத்தமாக மறந்துபோயிற்று.

நான்கு சீட்டையும் வைத்தேன். மயானச் சீட்டையும் வைத்தேன். சயாமா அதைப் படித்தார், பட்டியலைப் பார்த்தார், அதே பெயர் இரண்டு வரியில் இருப்பதைப் பார்த்தார். பின்னால் இருந்தவர் எழுந்து வந்து குனிந்தார்.

"ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கிறார்கள், ஊலே. இறந்தது எந்த ஆள்?" என்று சயாமா பர்மியில், மாமா என்று கூப்பிடும் மரியாதையோடு கேட்டார்.

மாப்ளே, நான் எதையும் யோசிக்கவில்லை. யோசித்துச் செய்தேன் என்று நீ என்னைப் பெருமையாக நினைத்துக்கொள்ளாதே. விரல் தானாகப் போயிற்று. மேல் வரியில் வைத்தேன்.

"பையன்" என்றேன். "ஆக்சிஜன் கிடைக்கல."

பக்கத்தில் நின்ற தனம் என் சட்டைக் கையைப் பிடித்தாள். சயாமா என்னை நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவு நேரம் என்னை யாரும் பார்த்ததில்லை. என் தலைக்குள் என்னென்னவோ ஓடிற்று, துப்பாக்கி, கீழ்த்தளத்துக்காரர், இந்த அம்மாவுக்கும் பிள்ளைகள் இருக்குமே, அவர் ஏன் எனக்காக மாட்டிக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம். அவர் ஸ்கேல் எடுத்து வைத்து, அந்த வரியின் மேல் நிதானமாக ஒரு கோடு இழுத்தார்.

"எனக்குத் தகவல் வரவில்லை, ஊலே. வந்திருந்தால் சாவுக்கு வந்திருப்பேன்" என்றார். பிறகு, பின்னால் நின்றவருக்கும் கேட்கும்படி, "இன்னொருவர்?" என்றார்.

நீ பாகோவில், உனக்கு இல்லாத ஒரு அக்கா வீட்டில் இருக்கிறாய் என்றேன். மூட்டுவலி, பஸ் ஏற முடியாது என்றேன். ஐம்பத்தெட்டு வயசு மூட்டுவலிக்காரனை யார் தேடப்போகிறார்கள்? பின்னால் நின்றவர் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். மயானச் சீட்டை சயாமா கோப்பில் குத்திவைத்துக்கொண்டார். உன்னைப் பற்றி என்னிடம் இருந்த ஒரே காகிதம் அது.

பிறகு ஓட்டுப் போட்டேன். இயந்திரம். ஆளுக்கு ஒன்று, கட்சிக்கு ஒன்று. எதையும் அழுத்தாமல் வெளியே வர அதில் வழியில்லை. ஏதோ ஒன்றை அழுத்தினேன், அது கூவிற்று. உன் கண்ணெதிரே சத்தம்போட்டு எண்ணிய ஓட்டு எங்கே, இது எங்கே.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் தனம், "வாயால சொல்லிட்டீங்களே" என்றாள், அவ்வளவுதான். சாமி படத்துக்கு முன்னால் தேங்காயை உடைத்தாள், அது சரிபாதியாக உடையவில்லை என்று இன்னொன்று வாங்கிவரச் சொன்னாள். பிறகு குமாருக்குப் போன் போட்டு, அவன் ஷிப்டில் இருக்கிறேன் என்று சொல்லச் சொல்ல, சாப்பிட்டியா, என்ன குழம்பு, கையில வெட்டுக்காயம் ஆறிச்சா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவன் பேசுகிற சத்தம் நிற்கக் கூடாது அவளுக்கு. என்னிடம் போனைக் கொடுத்தபோது, "ஓட்டுப் போட்டீங்களாப்பா? என்னைக் கேட்டாங்களா?" என்றான். கேட்டாங்க, சொல்லிட்டேன் என்றேன். என்ன சொன்னேன் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

இப்போது எனக்கு இரண்டு பயம். சயாமா என்றாவது வாய் திறந்துவிடுவாரோ என்பது ஒன்று. அது பகலில் வரும் பயம், ஒருமாதிரி சமாளித்துவிடுவேன். மற்றது, நான் சொன்னதை அங்கே மேலோகத்தில் இருக்கிற ஏதோ ஒரு ஆபீசில் யாராவது எழுதிக்கொண்டிருப்பார்களோ என்பது. இறால் தொழிற்சாலையிலிருந்து ஒரு நாள் போன் தாமதமானால் போதும், என் நினைப்பு அந்த மேல் வரிக்குப் போய்விடுகிறது. நீ இருந்தால் திட்டியிருப்பாய். பெத்த பிள்ளையைச் சாகடிச்சுட்டு மூடநம்பிக்கை வேறயா என்று கேட்டிருப்பாய். திட்ட ஆள் இல்லாததுதான் பெரிய குறை.

அவன் பள்ளிக்குப் போன அன்று உன் பெயரைக் கொடுத்தாய். இப்போது உன் சாவையும் கொடுத்திருக்கிறாய், நான் கேட்காமலே எடுத்துக்கொண்டேன். மன்னித்துக்கொள் என்று கேட்கமாட்டேன், நீ சிரிப்பாய். ஆனால் வீட்டுப் பட்டியலில் கடைசி வரியில் இனி கோடு விழாது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன். பின்னறையில் உன் லுங்கியைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன், சோதனைக்கு வருகிறவர்கள் கண்ணில் படும்படி. யார் வந்து கேட்டாலும், பாகோவில் நன்றாக இருக்கிறான், மூட்டுவலி கொஞ்சம் தேவலை என்று சொல்வேன்.