கல்லோடு இறங்கும் காட்சி

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் பாண்டியர் கதையின் மூன்றாம் பாகத்தைப் படம் எடுக்கிறவர்கள் இப்போது திரேஸ்புரத்தில்தான் இருக்கிறார்கள். கதாநாயகனுக்குப் பதிலாகக் கடலில் குதிப்பது உங்கள் மச்சான், என் வீட்டுக்காரர்தான். கைகளைப் பின்னால் கட்டி, இடுப்பில் கல்லையும் கட்டி இறக்குகிறார்கள். அடியில் அவரே முடிச்சை அவிழ்த்துக்கொண்டு மேலே வர வேண்டும்.

நேற்று இரண்டாம் தடவை மேலே வந்தபோது அவர் மூக்கிலும் காதிலும் ரத்தம். டைரக்டர் இன்னும் ஒரு டேக் என்றார். நான் தோணியிலேயே எழுந்து நின்று கத்தினேன்.

"அவிய கையக் கட்டாதிய!"

"நாவல்ல அப்படித்தானேம்மா இருக்கு?"

"எழுதினது எங்க அண்ணன்தான். அந்த எடத்த மாத்திட்டாவ. எனக்குக் கடுதாசி போட்டிருக்காவ."

அப்படி ஒரு கடுதாசியே இல்லை என்பது நம் இருவருக்குத்தான் தெரியும். டைரக்டர் அரைமனதாக நிறுத்தினார். திங்கட்கிழமை சென்னைக்கு வந்து உங்களையே கேட்பாராம்.

இவரோ, "எனக்கு ஒண்ணுமில்லளா, நான் குதிப்பேன்" என்கிறார். நான் பேசுவது அவருக்குப் பாதி கேட்பதில்லை.

அந்த அத்தியாயத்தை ஏன் அப்படி எழுதினீர்கள் என்று எனக்குத் தெரியும். படிக்கும்போதெல்லாம் அழுதிருக்கிறேன். உங்கள் கதையில் அவன் கயிற்றை அவிழ்த்து மேலே வந்துவிடுகிறான். முத்துக் குளிக்க இறங்கிய நம் அப்பா கயிற்றில் சிக்கி, வரவே இல்லை.

மாற்றிவிட்டேன் என்று சொல்லுங்கள் அண்ணே.

உங்கள் தங்கை