தெரிந்த துப்பாக்கிகள்

பிப்ரவரி 3, திங்கள்

இந்த மாதமும் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. விமான நிலைய ஊழியர் ஓய்வறைச் சுவரில் ஐந்தாவது முறையாக, முதலிடம் பெற்றவள் என்று என் படம். பயணிகளின் பைகள் ஸ்கேனர் திரையில் ஓடும்போது, கணினி நடுநடுவே ஒரு பொய்த் துப்பாக்கியையோ கத்தியையோ நுழைத்துவிடும். நாங்கள் விழித்திருக்கிறோமா என்று பார்க்கத்தான். ஒன்பது வருடமாக அதில் நான் கெட்டி. “அம்மா தாயே, உனக்கு மட்டும் எப்படி இந்தக் கண்ணு!” என்றான் பக்கத்து வரிசை ஸ்டைனார். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்தான்.

பிப்ரவரி 10

பழைய பொய்ப் படங்களை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள்.

பிப்ரவரி 14

ஐம்பத்தொன்று. ஐம்பத்தொன்றா!

பிப்ரவரி 15

தூக்கமே இல்லை. எனக்குத் தெரிந்தது துப்பாக்கி இல்லை, அந்தப் பழைய நாற்பது பொய்ப் படங்கள்தான். எது இடப்பக்கம் சாய்ந்திருக்கும், எதன் ஓரம் கறுத்திருக்கும், எல்லாம் அத்துப்படி. அப்படியானால் ஒன்பது வருடமாக என் கண் முன்னால் போன பைகள்? எந்த விமானமும் வெடிக்கவில்லை, சரி. அது நான் தடுத்ததாலா, எவனும் குண்டு கொண்டுவராததாலா? இதை எப்படித் தெரிந்துகொள்வது?

பிப்ரவரி 17

மேலாளர் இங்வில்ட் கூப்பிட்டாள். மார்ச் ஆறாம் தேதி மறுதேர்வு; எழுபது வராவிட்டால் உரிமம் போய்விடும். மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டேன். “நாங்க யாரும் பையைப் பார்க்கல. படத்தை மனப்பாடம் பண்ணி வச்சிருக்கோம்.”

எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். “வெளியில சொல்லிடாதே, டோருன். இந்த எண்ணை நம்பித்தான் மேல இருக்கறவங்க நிம்மதியா இருக்காங்க.”

பயணிகள்?

பிப்ரவரி 21

புதுப் படங்கள் முப்பத்தேழையும் ஸ்டைனார் என் கைபேசிக்கு அனுப்பியிருக்கிறான். “ரெண்டு நாள்ல உருப்போட்டுடு. வேலை போச்சுன்னா கொள்கையையா வறுத்துத் திம்பே?” நல்லதுக்குத்தான் சொல்கிறான்.

பிப்ரவரி 22

பார்த்துவிட்டேன் — பன்னிரண்டு படம். அப்புறம் என் மேலேயே எரிச்சல் வந்து எல்லாவற்றையும் அழித்தேன். சே.

மார்ச் 6

அறுபத்தாறு. சீருடையைத் திருப்பிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

ஏப்ரல் 11

துறைமுகத்தில் மீன் பெட்டிகளை எடைபோடும் வேலை. கை விறைத்துப்போகிறது. பரவாயில்லை. சுவரில் இப்போது ஸ்டைனார் படமாம், தொண்ணூற்றாறு. சந்தோஷமாகத்தான் சொன்னான்.

ஏப்ரல் 17

அக்காவைப் பார்க்க விமானத்தில் த்ரோம்சோ நகரத்துக்கு வந்தேன். கிளம்பும்போது சோதனையில் ஸ்டைனாரின் வரிசைதான் வாய்த்தது. திரைக்குப் பின்னாலிருந்து கையாட்டினான். இங்கே வந்து பையைப் பிரித்தால், அடியில், துவாலைக்குள் என் மீன் வெட்டும் கத்தி. வேலைக்குக் கொண்டுபோன பை. எடுத்து வைக்க மறந்திருக்கிறேன். ஒரு சாண் நீளம். ஐயோ, இதோடவா நூறு பேர் நடுவுல உட்கார்ந்து வந்தேன்?

உடனே அவனைக் கைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன். மெதுவாக, “அந்த முப்பத்தேழுல மீன் கத்தி இல்லையே, டோருன்” என்றான்.